கழனிக்குத் தேவை நாற்பத்தைந்து நாள்

தக்கைப்பூண்டின் வேரைப் பார்க்க வேண்டுமென்றால் செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேர் மட்டும்தான் கையோடு வரும். அதில் ஒட்டியிருக்கும் முண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடும். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டி போட்டு, மண்கட்டியோடு தூக்கி, வாய்க்கால் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும். மண் கரைந்ததும் வேரின் பக்கவாட்டில் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் வேர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உள்ளே குடியேறிய பாக்டீரியா உதவாத வகை. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் முண்டின் காலம் முடிந்துவிட்டது.

1983-ல் வேளாண்மைத் துறையில் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் உத்திரமேரூர் வட்டாரத்தில்தான் இருந்தேன். திருப்புலிவனம், மருதம், மானாம்பதி, பெருநகர், களியாம்பூண்டி, சாலவாக்கம், எடமச்சி என்று சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் சுற்றிய ஊர்கள். நெல் ரகம், பூச்சிமருந்து, மானியம் என்று எத்தனையோ வேலை செய்தேன். ஆனால் விவசாயிகள் இன்றும் என்னை நினைவில் வைத்திருப்பது வேரைக் கழுவிக் காட்டியவனாகத்தான்.

நான் சேர்ந்த காலத்தில் இது செங்கல்பட்டு மாவட்டம். தமிழ்நாட்டில் பயிற்சியும் பார்வையும் திட்டம் 1981-ல் தொடங்கியிருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்களுக்குப் பயிற்சி நடக்கும். அங்கே கற்றதை ஊர் ஊராகப் போய்த் தொடர்பு விவசாயிகளிடம் சொல்ல வேண்டும். பயிற்சியில் பெரும்பகுதி ரசாயன உரத்தைப் பற்றியது. எத்தனை கிலோ, எந்த நாளில், எத்தனை முறையாகப் பிரித்து என்ற கணக்கு. மணலி உர ஆலை 1971-லிருந்தே ஓடிக்கொண்டிருந்ததால் எங்கள் பக்கத்து டெப்போக்களில் யூரியாவுக்கு அநேகமாகப் பஞ்சம் இருந்ததில்லை. செடியை வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரத்தைப் பற்றி ஒரு பக்கம் படிப்போம், அதோடு சரி.

பாடத்தில் இல்லாததை நான் கற்றுக்கொண்டது பெருநகர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம். ஏரிப்பாசனக் கழனி அவருடையது. தை மாதம் சம்பா அறுத்த பிறகு அதில் கொழிஞ்சி முளைக்கும். அவர் விதைத்ததில்லை. அவருடைய அப்பா காலத்தில் ஒருமுறை தெளித்தது. விதை மண்ணிலேயே கிடந்து வருஷா வருஷம் தானாக வந்துகொண்டிருந்தது. கொழிஞ்சி விதையின் மேல்தோல் கெட்டியானது. தண்ணீர் உள்ளே இறங்காது. நெல் நிற்கும் காலமெல்லாம் சேற்றுக்குள் அப்படியே கிடக்கும். புதிதாக விதைக்கிறவர்கள் மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு எடுத்தோதான் விதைக்க வேண்டும்.

"ஆடு மாடு இத்த கடிக்காது சார். கோடையில மழ ஒண்ணு ரெண்டு பேஞ்சா போதும், தானா கெடந்து வளரும். ஆடி பொறந்தா மடக்கி உழுதுட வேண்டியதுதான்" என்றார். அவருக்கு பாக்டீரியா என்ற சொல் தெரியாது. வேரில் முண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறார். கொழிஞ்சி நின்ற கழனியில் நெல் கருக்கும் என்பது தெரியும். அதற்குமேல் அவர் கேட்டதில்லை. அன்று வாய்க்கால் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்து ஒரு செடியை அலசி, முண்டைக் கீறிப் பார்த்தோம். உள்ளே சிவப்பாக இருப்பதை அவர் முதல்முறையாகப் பார்த்தார். "ரத்தமாட்டம் கீதே" என்றார்.

அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் போலவே இரும்புச்சத்து உள்ள ஒரு புரதம் அந்த முண்டுக்குள் இருக்கிறது. பாக்டீரியாவின் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று ஆக்சிஜனை அளந்து கொடுப்பது அந்தச் சிவப்புப் புரதம். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், அதாவது தழைச்சத்துதான், ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. உர ஆலையில் அதைப் பிரிக்க 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். கொழிஞ்சி வேரிலுள்ள பாக்டீரியா அதே வேலையைக் கழனி மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. கூலியாகச் செடி தன் இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

இது ஐரோப்பியர்களுக்குத் தெளிவானது 1880-களில். ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் பயறுவகைச் செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்து எடுப்பதை நிறுவினார்கள். 1888-ல் ஹாலந்தின் பெய்ஜெரிங்க் முண்டிலிருந்து அந்த பாக்டீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த விளக்கம் கிடைக்கவில்லை. பலனை மட்டும் தலைமுறைகளாக நம்பிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

முண்டு என்று எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. கத்தரி போட்டிருந்த ஒரு பெண்மணி ஒருநாள் வழியில் நிறுத்தி, தன் செடியின் வேரைக் காட்டினார். "நீ சொன்ன மாதிரியே கொட்டை கொட்டையா வந்துகீது சார், செடி மட்டும் ஏன் வாடுது?" என்று கேட்டார். அது நூற்புழு செய்த வீக்கம். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் இரண்டு வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் பேசியதில்லை. நல்ல முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சு என்றால் வேரே வீங்கியிருக்கும், உதிராது. உள்ளே சிவப்பும் இருக்காது.

இன்னொரு சந்தேகம் ஆவாரையில். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. காயைப் பார்த்தால் பயறுக் குடும்பம் என்று குழந்தைக்கும் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆர்வமாகத் தோண்டி வேரைக் கொண்டுவந்தார்கள். ஒரு முண்டுகூட இல்லை. ஆவாரையும் தகரையும் அந்தக் குடும்பம்தான், ஆனால் அவற்றின் வேரில் இந்த பாக்டீரியா குடியேறுவதில்லை. ஆவாரந்தழையை வெட்டிக் கழனியில் மிதிப்பது நல்லதுதான். அதனால் சத்து ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. காற்றிலிருந்து புதிதாக எதுவும் சேர்வதில்லை. கொழிஞ்சி, அவுரி, சணப்பை, தக்கைப்பூண்டு, சித்தகத்தி ஆகியவைதான் புதிதாகச் சேர்ப்பவை.

1980-களின் கடைசியிலும் 1990-களிலும் மணிலா அகத்தி வந்தது. ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுச் செடி. வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முண்டு வைக்கும். தண்டில் வரிசையாகப் பச்சை நிறத்தில் பொரிப் பொரியாக நிற்கும் முண்டுகளைப் பார்த்து, செடிக்கு அம்மை போட்டுவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். தண்டில் முண்டு இருப்பதால் தண்ணீர் தேங்கிய கழனியிலும் வேலை தடைபடாது. அந்த பாக்டீரியாவும் தனி வகை. 1988-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விஞ்ஞானிகள் உற்சாகமாகப் பேசினார்கள். எனக்கும் அதே உற்சாகம்.

ஆனால் அது எங்கள் வட்டாரத்தில் நிலைக்கவில்லை. விதைத்தோல் கெட்டி, முளைக்க வைக்கக் கந்தக அமிலத்தில் ஊற வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அமிலத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? பகல் பொழுது குறையும் மாதங்களில் விதைத்தால் செடி வளரும் முன்பே பூத்துவிடும். விதை கிடைப்பதும் அரிது. தக்கைப்பூண்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதையைத் தெளித்துவிட்டால் போதும். களர் மண்ணிலும் வரும், தண்ணீர் நின்றால் அடித்தண்டைத் தக்கையாக்கிக்கொண்டு அதையும் தாங்கும். ஆராய்ச்சி நிலையத்தில் முதலிடம் பெறும் செடியைவிட, கஷ்டமில்லாமல் விதை கிடைக்கும் செடிதான் ஊரில் நிற்கும். நான் பார்த்த எல்லாத் திட்டத்திலும் இது பொருந்தியது.

வேர்முண்டு பாக்டீரியாவான ரைசோபியம் வரும் பொட்டலம் பற்றியும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரித் தூளில் பாக்டீரியாவைக் கலந்து 200 கிராம் பொட்டலமாக வரும். ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து விதையோடு புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். "கரித்தூளுக்குக் காசா?" என்று முதலில் கேட்காத விவசாயி இல்லை. உள்ளே இருப்பது உயிர் என்பதை மனத்தில் பதிய வைப்பதுதான் பெரிய வேலை. பூஞ்சாண மருந்து கலந்த விதையென்றால் ஒருநாள் கழித்துத்தான் இதைக் கலக்கலாம். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது. ஒரு வருஷம் தகரக் கூரை போட்ட கிடங்கில் சித்திரை முழுக்கக் கிடந்த பொட்டலங்கள் எங்களுக்கு வந்தன. வேர்க்கடலைக்குப் போட்டார்கள். போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைப் பார்த்த ஊரில் பிறகு பல வருஷம் யாரும் பொட்டலத்தைத் தொடவில்லை. உயிருள்ள சரக்கை உர மூட்டைபோல நடத்தினால் சரக்கும் போகும், சரக்கின் மேல் இருந்த நம்பிக்கையும் போகும்.

ஒவ்வொரு செடிக்கும் அதற்குரிய பாக்டீரியா தனி. கடலைக்கு வந்த பொட்டலத்தைத் தக்கைப்பூண்டுக்குப் போட்டால் பயன் இல்லை. கொழிஞ்சிக்குப் பெரும்பாலும் பொட்டலமே தேவைப்படாது, அதற்கு வேண்டியது நம் மண்ணிலேயே நிறைய உண்டு. தக்கைப்பூண்டு புதிதாகப் போகும் நிலத்தில் பொட்டலம் உதவும். கிடைக்காவிட்டால், தக்கைப்பூண்டு நன்றாக வந்த கழனியிலிருந்து இரண்டு கூடை மண் வாங்கி வந்து விதைக்கிற அன்று தூவச் சொல்வேன். கடலோரத்துச் சவுக்கு நாற்றங்கால்காரர்கள் இதே முறையைத் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள். பழைய தோப்பின் வேரிலிருந்து கொத்தாக இருக்கும் முண்டுகளை எடுத்து இடித்து நாற்றங்கால் மணலில் கலப்பார்கள். சவுக்கு பயறுக் குடும்பம் இல்லை, அதன் முண்டில் இருப்பது ஃபிராங்கியா என்ற வேறு உயிர். ஆனால் நிலத்துக்கு நிலம் உயிரை எடுத்துப் போக வேண்டும் என்ற அறிவு ஒன்றுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் முண்டு வைக்காத கழனிகளும் உண்டு. களியாம்பூண்டிப் பக்கம் ஒரு இளைஞர் தக்கைப்பூண்டை ஆளுயரம் வளர்த்திருந்தார். பச்சைப் பசேல் என்று இருந்தது. வேரைக் கழுவினால் முண்டு இல்லை. விசாரித்தபோது, செடி சீக்கிரம் வளரட்டும் என்று விதைத்த இரண்டாம் வாரமே யூரியா தெளித்தது தெரிந்தது. தழைச்சத்து மண்ணில் சும்மா கிடைக்கும்போது செடி பாக்டீரியாவை வீட்டுக்குள் விடாது. பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுக்கச் செடிக்கு என்ன அவசியம்? அந்த இளைஞர் யூரியாவைச் செடியாக மாற்றி, அதைத் திரும்ப மண்ணில் போட்டார். பசுந்தாள் பயிருக்கு ஏதாவது கொடுப்பதென்றால் சூப்பர் பாஸ்பேட் கொடுக்க வேண்டும். மணிச்சத்து இருந்தால்தான் முண்டு நிறைய வைக்கும்.

அதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். ஒருவர் தக்கைப்பூண்டை முறையாக வளர்த்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது, வெள்ளைப் பொன்னி நட்டார். ஏக்கருக்கு எட்டுப் பத்து டன் தழை மண்ணுக்குள் போயிருந்தது. அதில் 25 கிலோவுக்குக் குறையாத தழைச்சத்து இருக்கும், ஒரு மூட்டை யூரியாவுக்கு மேல். முழுவதும் காற்றிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, மண்ணிலிருந்து எடுத்ததும் அதில் கலந்திருக்கும். என்றாலும் நெல்லுக்குக் கிடைப்பது கிடைப்பதுதான். அவரோ வழக்கமான யூரியாவையும் ஒரு பிடி குறைக்காமல் போட்டார். பயிர் கருத்து, இலைசுருட்டுப்புழு ஏறி, ஐப்பசி மழையில் மொத்தமும் சாய்ந்துவிட்டது. "தழை போட்டதால கெட்டுச்சு" என்று ஊரே பேசியது. பிறகு வந்த இலை வண்ண அட்டை இந்த விஷயத்தில் பெரிய உதவி செய்தது. இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் யூரியா. பசுந்தாள் போட்ட கழனியில் முதல் யூரியாவைத் தள்ளிப்போடும் தைரியத்தை அந்த அட்டைதான் பலருக்குக் கொடுத்தது.

இத்தனை தெரிந்தும் பசுந்தாள் ஏன் குறைந்தது? சோம்பேறித்தனம், யூரியா மோகம் என்று மேடைகளில் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குறைந்தது கழனி சும்மா இருந்த காலம்.

உத்திரமேரூர் ஏரியை நம்பிய ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்தது பதிவாகியிருக்கிறது. ஏரித்தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில் சேரும். சம்பா, கொஞ்சம் நவரை, அத்தோடு கழனி காயும். சித்திரையிலிருந்து ஆடிவரை மண்ணுக்கு ஓய்வு. அந்த இடைவெளியில்தான் கொழிஞ்சி வளர்ந்தது, கிடை போட்டார்கள், ஏரி வண்டல் அடித்தார்கள். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஐ.ஆர். 50, ஏ.டி.டி. 36 என்று 105, 110 நாளில் அறுக்கும் ரகங்கள் வந்தன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் ஒரே கழனியில் ஓடத் தொடங்கியது. கடன் வாங்கிக் கிணறு வெட்டியவர் கழனியைச் சும்மா போட முடியாது. பெருநகர்ப் பெரியவரின் கழனியிலும் மகன் காலத்தில் சொர்ணவாரி நட்டார்கள். முளைத்து விதை போட நேரமில்லாமல் அங்கே கொழிஞ்சி அற்றுப்போனது. அந்த மகன் மேல் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் பிள்ளைகள் அந்த மூன்றாம் போகத்தில்தான் படித்தார்கள்.

ஆகவே நான் பேச்சை மாற்றிக்கொண்டேன். பசுந்தாள் போடுங்கள் என்று சொல்வதை விட்டு, எந்தக் கழனிக்கு எந்த வருஷம் நாற்பத்தைந்து நாள் ஒதுக்க முடியும் என்று விவசாயியோடு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். மூன்று காணி வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒரு காணியில் சொர்ணவாரியை விடலாம். கிணற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் நெல்லுக்குப் போதாத தண்ணீர் தக்கைப்பூண்டுக்குப் போதும். வைகாசி, ஆனியில் கோடை மழை ஒன்று கிடைத்ததும் விதைத்தால் ஆடிக் கடைசிக்குள் மடக்கி உழுதுவிடலாம், சம்பா நாற்று நடவுக்குத் தயாராக இருக்கும். நாற்பத்தைந்து நாளைத் தாண்ட விடக் கூடாது. அறுபது நாளானால் தண்டு கட்டைப்பட்டுவிடும். சேற்றில் மட்காது, நடவு செய்யும் பெண்களின் காலைக் குத்தும். அவர்கள் முகம் சுளித்தால் அடுத்த வருஷம் அந்த வீட்டில் பசுந்தாள் கிடையாது. முன்பு ஏர்மாட்டை வைத்து இதை மடக்க இரண்டு மூன்று சால் ஓட்ட வேண்டியிருந்தது. இப்போது டிராக்டரில் ரோட்டவேட்டர் ஒரே ஓட்டில் நறுக்கிப் போட்டுவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் காலம் நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கட்டி வைத்தால் நடவுக்குச் சேடை தயார்.

இயற்கை விவசாயத்தைப் பற்றி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் பேசிய காலத்தில் பல தானிய விதைப்பு எங்கள் பக்கமும் பரவியது. பயறு, எண்ணெய் வித்து, தானியம், தழைச்செடி எல்லாம் கலந்து விதைத்து மடக்குவது. துறையில் சிலர் அதை ஏற்கவில்லை. நான் வழக்கம்போல வேரைக் கழுவிப் பார்த்தேன். கலவையில் இருந்த பயறுகளிலும் தக்கைப்பூண்டிலும் முண்டு சிவப்பாகவே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

2024-ல் அரசு, மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் விதை கொடுக்கத் தொடங்கியபோது ஓய்வில் இருந்த எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. இப்போது பணியில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றுதான் சொல்ல விரும்புகிறேன். எத்தனை கிலோ விதை கொடுத்தோம் என்ற பதிவேடு உங்களிடம் இருக்கும். அதோடு இன்னும் இரண்டு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாள் வேரைக் கழுவிப் பார்த்தபோது முண்டு என்ன நிறம், எந்தத் தேதியில் மடக்கி உழுதார்கள். விதை வாங்கியவர் அதை மாட்டுக்கு அறுத்துப் போட்டாரா, விதைக்கே விட்டு விற்றாரா, கழனிக்குக் கொடுத்தாரா என்பது அந்த இரண்டு பத்தியில் தெரிந்துவிடும். கூடவே, அந்த விவசாயி ஏன் நாற்பத்தைந்து நாளை ஒதுக்க முடியவில்லை என்ற காரணமும் உங்கள் காதில் விழும். கடனா, தண்ணீரா, குத்தகையா என்று அவரே சொல்லுவார். ஒரு வருஷக் குத்தகைக்கு நிலம் எடுத்தவர் அடுத்தவன் அறுப்பதற்காக மண்ணைச் சேர்த்து வைக்க மாட்டார். அவருக்கு விதையோடு குத்தகை ஆண்டும் நீள வேண்டும். பாக்டீரியா தன் பங்கைச் செய்ய எப்போதும் தயாராகத்தான் மண்ணில் இருக்கிறது; விவசாயிக்கு அந்த நாட்களை வாங்கிக் கொடுப்பதுதான் நம் துறையின் வேலை.